ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், ஆனால் படபடப்பு நிற்கவில்லை: பேனிக் அட்டாக் சிகிச்சையில் எங்கே சறுக்குகிறோம்?

ஆறாம்திணை எழுதியது:

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது, இதோ உயிர் போகப்போகிறது என்று பயம் கவ்வுகிறது. அவசரப் பிரிவுக்கு ஓடுகிறார்கள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வருகிறது. "ஒன்றும் இல்லை, வெறும் டென்ஷன்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே ஆள் வேறொரு மருத்துவமனையில் அதே ஈசிஜிக்காகப் படுத்திருக்கிறார்.

பேனிக் அட்டாக் எனப்படும் இந்தத் திடீர் பீதி புதிய தொல்லை இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த படைவீரர்களிடம் இதே படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறலைப் பார்த்து டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871லேயே எழுதியிருக்கிறார். அவர் பார்த்தவர்களில் பலருக்கு இதயத்தில் பழுது எதுவும் தெரியவில்லை. இந்த அட்டாக் திரும்பத் திரும்ப வரும் பேனிக் கோளாறு தனி நோயாக அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இடம்பெற்றது 1980ல்தான்.

என்ன நடக்கிறது என்பதை 1986ல் உளவியலாளர் டேவிட் கிளார்க் தெளிவாக வரைந்து காட்டினார். உடலில் சின்ன மாற்றம் வருகிறது. மாடிப்படி ஏறியதால், தூக்கம் கெட்டதால், காபியால், எதனாலும் இருக்கலாம். "இது மாரடைப்பு" என்று மனம் அதற்குப் பொருள் சொல்கிறது. பயத்தில் அட்ரினலின் சில நொடிகளில் பாய்கிறது, துடிப்பு கூடுகிறது. கூடிய துடிப்பே "நினைத்தது சரிதான்" என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. சுழல் வேகம் பிடித்துப் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு எதுவுமே செய்யாவிட்டாலும் அரைமணி நேரத்தில் பெருமளவு இறங்கிவிடும்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். எதுவும் செய்யாவிட்டாலும் இறங்கும். ஆனால் யாரும் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் குடிப்பார்கள், நாடி பிடித்துப் பார்ப்பார்கள், சுவரைப் பிடித்துக்கொள்வார்கள், மாத்திரையை நாக்கடியில் வைப்பார்கள். அட்டாக் அடங்கியதும் "அதைச் செய்ததால் பிழைத்தேன்" என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. சாகமாட்டோம் என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கைநழுவுகிறது. நூறு அட்டாக் வந்தும் ஒருவர் பயம் தெளியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று 1991ல் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் எழுதினார். இவற்றைத் தற்காப்புப் பழக்கங்கள் என்று சொல்லிக்கொள்வோம்.

பரிசோதனை முடிந்த பிறகு என்ன சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று துறையில் இருப்பவர்கள் எழுதுங்கள்.

---

இடதுகரை எழுதியது:

பொது மருத்துவப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். "பரிசோதனை முடிந்த பிறகு" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். ஒழுங்காக முடிந்ததா என்பதே பல நேரம் சந்தேகம்.

முதல் தடவை நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஈசிஜியும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்ப்பார்கள். அதைப் பேனிக் என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. அந்த நெருக்கடி தாண்டியபின் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை: தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், சர்க்கரை, ஒரு ஈசிஜி. மீதியெல்லாம் கேள்வி கேட்பதில் இருக்கிறது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, படபடப்பு எப்படித் தொடங்கி எப்படி நிற்கிறது என்பது. சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று தொடங்கி, நிமிடத்துக்கு 150க்கு மேல் சீராக ஓடி, சட்டென்று நின்றால் அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். பேனிக்கில் துடிப்பு ஏறி, மெல்ல இறங்கும். அட்டாக் இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி நார்மலாக இருந்தால் அந்தக் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. துடிப்பு ஓடும்போதே பதிவாக வேண்டும், அதற்கு உடலில் மாட்டிக்கொண்டு ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவி வைக்கலாம். இதைப் பேனிக் என்று சொல்லி வருடக்கணக்கில் மனநல மருந்து கொடுக்கும் தவறு நடக்கிறது, குறிப்பாகப் பெண்களுக்கு.

அடுத்து, உழைக்கும்போது மட்டும் வரும் நெஞ்சுவலி, உண்மையாகவே நினைவிழந்து விழுந்தது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், 45 வயதுக்குப் பின் முதல்முறையாகத் தொடங்கியது. இதில் ஒன்று இருந்தாலும் இதய நிபுணர் பார்க்காமல் நகரக் கூடாது. மருந்துகளையும் கேளுங்கள். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர், மூக்கடைப்பு மாத்திரை, அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை, குடியைத் திடீரென்று நிறுத்தியது எல்லாமே படபடப்பைக் கொண்டுவரும். ஒரே நேரத்தில் 400 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் போனால் பேனிக் கோளாறு உள்ளவர்களில் பலருக்கு அட்டாக்கே வந்துவிடும். அதன் பாதி அளவு உடலைவிட்டுப் போக ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது, ஆளுக்கு ஆள் மாறும்.

இதெல்லாம் ஒருமுறை, முழுமையாக. பிறகு கதவைச் சாத்திவிட வேண்டும். புதிய அறிகுறி வந்தால் மட்டும் திறக்கலாம். "மனநிம்மதிக்காக இன்னொரு எக்கோ எடுத்துப் பார்ப்போமே" என்று எழுதிக்கொடுக்கும் மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார். ஆனால் அந்த நிம்மதி சில நாள்தான் நிற்கும், சந்தேகம் கூடுதல் பலத்தோடு திரும்பும்.

---

வெளிச்சக்கீற்று எழுதியது:

நன்றி இடதுகரை. "டென்ஷன்தான்" என்று சொல்லும்போது நோயாளி கேட்பது நியாயமான கேள்விதானே: டென்ஷன் என்றால் விரல் ஏன் மரத்துப்போகிறது? உதடு ஏன் குறுகுறுக்கிறது? கை ஏன் தானாக மடங்கி இறுகுகிறது? ஆழமாக மூச்சு இழுத்தும் ஏன் காற்று போதவில்லை? இதற்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை. கற்பனை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார்கள்.

---

ஆறாம்திணை எழுதியது:

கற்பனை இல்லவே இல்லை. அத்தனையும் ரத்த வேதியியல்.

பயத்தில் மூச்சு வேகமும் ஆழமும் கூடுகிறது. ஓடுவதற்கு வேண்டிய மூச்சு அது, ஆனால் ஆள் உட்கார்ந்திருக்கிறார். தசைகள் உண்டாக்குவதைவிடக் கூடுதலான கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மிமீ பாதரசம் இருக்க வேண்டும். அது இறங்கும்போது மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ஒவ்வொரு மிமீ இறக்கத்துக்கும் மூளைக்குப் போகும் ரத்தம் ஏறத்தாழ 2 முதல் 4% குறைகிறது. தலைச்சுற்றல், கண்முன் மங்கல், "நான் நானாக இல்லை" என்ற விலகல் உணர்வு எல்லாம் இதிலிருந்துதான். ரத்தம் காரத்தன்மை பக்கம் நகர்வதால் அயனி நிலையில் இருக்கும் கால்சியம் குறைந்து நரம்புகள் தாமாகவே தூண்டப்படுகின்றன. குறுகுறுப்பும் விரல் இறுக்கமும் அதனால். மூச்சு சீரானதும் சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும், சேதம் எதுவும் இல்லை.

ஆக்சிஜனுக்குக் குறைவே இல்லை. அந்த நேரத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 98, 99 என்று காட்டும். இன்னும் ஆழமாக இழுக்க இழுக்கக் கரியமில வாயு மேலும் இறங்கி மூச்சுமுட்டல் கூடும். "நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்ற அறிவுரை அந்த நேரத்தில் எரிகிற தீயில் எண்ணெய். காகிதப் பையில் மூச்சு விடுவதையும் கைவிட வேண்டும். அது உண்மையில் மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் பை ஆக்சிஜனைக் குறைத்து ஆளைக் கொன்றுவிடக்கூடும்.

மயக்கம் போட்டு விழுந்துவிடுவோம் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. மயங்கி விழ ரத்த அழுத்தம் சரிய வேண்டும். பேனிக்கில் அது ஏறுகிறது. அதனால் தலை சுற்றும், ஆனால் விழுவது மிக அரிது. விதிவிலக்கு, ரத்தத்தையும் ஊசியையும் கண்டு பயப்படுபவர்கள். அவர்களுக்கு அழுத்தம் முதலில் ஏறிப் பின் சரிவதால் உண்மையாகவே விழுவார்கள். அவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி கொடுப்பது தவறு. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி, முகம் சூடேறும்வரை இறுக்கி, 20 முதல் 30 நொடி விட வேண்டும். முழுவதும் தளர்த்தாமல் இயல்பு நிலைக்கு வந்தால் போதும். இப்படி 5 முறை. லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்த முறை இது.

---

தூக்கணாங்குருவி எழுதியது:

மூச்சுப் பயிற்சி கற்பிப்பவள் என்ற முறையில் ஒரு மறுப்பு. "ஆழமாக இழு" என்பது தவறு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மூச்சுப் பயிற்சியையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மூக்கால் 4 நொடி மென்மையாக உள்ளே, 6 நொடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு. நெஞ்சு உயரக் கூடாது, வயிறு லேசாக அசைந்தால் போதும், அளவு சிறிதாக இருக்க வேண்டும். மெதுவாக விட்டாலும் ஒவ்வொரு மூச்சையும் பெரிதாக இழுத்தால் கரியமில வாயு இறங்கத்தான் செய்யும். பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நாளுக்கு இருமுறை 10 நிமிடம், பதற்றம் இல்லாத வேளையில் பழக வேண்டும்.

---

ஆறாம்திணை எழுதியது:

முறை சரி. பேனிக் கோளாறில் அதன் இடம் எது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து. 2000ல் ஷ்மிட்டும் உடன் பணியாற்றியவர்களும் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூச்சுப் பயிற்சியைச் சேர்த்த குழுவுக்கு அதனால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அட்டாக் வந்ததும் "4 எண்ணு, 6 எண்ணு, இல்லாவிட்டால் செத்தோம்" என்று பதறிச் செய்தால் அதுவும் நாக்கடி மாத்திரைபோலத் தற்காப்புப் பழக்கமாகிவிடுகிறது.

நோயாளியிடம் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: "இதைச் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" "கொஞ்சம் சங்கடமாக இருக்கும்" என்றால் பயிற்சி தொடரட்டும். "மூச்சு நின்றுவிடும்" என்றால் அந்தப் பயிற்சியை விலக்க வேண்டும்.

---

தூக்கணாங்குருவி எழுதியது:

அந்தக் கேள்வி நல்ல அளவுகோல், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவியை வைத்து அளவை நேரடியாகப் பார்த்துப் பழக்கும் அலிசியா மியூரெட்டின் முறையில் பேனிக் குறைந்திருக்கிறது. பொத்தாம்பொதுவாக "நிதானமாக மூச்சு விடு" என்பதும் அளந்து பழக்குவதும் ஒன்றல்ல. அன்றாட மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் மெது மூச்சு உதவுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அட்டாக்கின் நடுவே அதை ஆயுதமாக நீட்ட வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

---

மடைதிறப்பு எழுதியது:

சிகிச்சையின் நடுப்பகுதிக்கு இன்னும் யாரும் வரவில்லை. நான் எழுதிவிடுகிறேன்: பயப்படும் உடல் உணர்வை வலிந்து வரவழைக்கும் பயிற்சி. உளவியலாளர்கள் பார்லோவும் கிராஸ்கும் வளர்த்தெடுத்தது.

யாருக்குக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு, கடும் ஆஸ்துமா, கர்ப்பம், கழுத்து அல்லது முதுகில் காயம் உள்ளவர்கள் மருத்துவர் ஒப்புதலின்றிச் செய்யக் கூடாது.

முதல் அமர்வில் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறை செய்து பார்க்கிறோம். தலையை இடவலமாக 30 நொடி ஆட்டுவது. நின்ற இடத்தில் 1 நிமிடம் ஓடுவது. மூச்சை 30 நொடி அடக்குவது. சுழல் நாற்காலியில் 1 நிமிடம் சுற்றுவது. வேகமாகவும் ஆழமாகவும் 1 நிமிடம் மூச்சு விடுவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக 2 நிமிடம் மூச்சு விடுவது. ஒவ்வொன்றும் முடிந்ததும் மூன்று எண்கள் எழுத வேண்டும்: உணர்வு எவ்வளவு கடுமை, பயம் எவ்வளவு, உண்மையான அட்டாக்கோடு எவ்வளவு ஒத்திருக்கிறது. 0 முதல் 10. ஒப்புமை அதிகம் உள்ள இரண்டு மூன்றுதான் நமக்கு வேண்டியவை. இதயத்துக்குப் பயப்படுபவருக்கு ஓட்டம், மூச்சுக்குப் பயப்படுபவருக்கு உறிஞ்சுகுழல், பைத்தியம் பிடித்துவிடும் என்று பயப்படுபவருக்கு வேகமூச்சு என்று பெரும்பாலும் அமையும்.

பிறகு பயிற்சி. தொடங்குமுன் எதிர்பார்ப்பை ஒரு வரியில் எழுத வேண்டும், தவறா சரியா என்று சோதிக்கக்கூடிய வடிவில். "பயமாக இருக்கும்" என்று எழுதினால் பயனில்லை. "40 நொடிக்கு மேல் போனால் மயங்கி விழுவேன், உறுதி 80%" என்று எழுதினால் சோதிக்கலாம். உணர்வு தொடங்கிய பின்னும் குறைந்தது 30 நொடி தொடர வேண்டும். நிறுத்தியதும் உட்காராமல், தண்ணீரைத் தேடாமல், நாடி பிடிக்காமல் நிற்க வேண்டும். என்ன நடந்தது, உறுதி இப்போது எத்தனை சதவீதம் என்று எழுதி, மறுபடி. ஒரே அமர்வில் 4, 5 முறை, வீட்டில் தினமும். அடுத்த வாரம் தனியாக இருக்கும்போது, அதற்கடுத்து வெளியே, கூட்டத்தில், லிஃப்டில்.

எங்கே கெட்டுப்போகிறது? மூன்று இடங்களைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். ஒன்று, சிகிச்சையாளருக்கே பயம் வந்து 20 நொடியில் நிறுத்திவிடுவது. "இதற்குமேல் ஆபத்து" என்ற பாடத்தை அவரே கற்பித்துவிடுகிறார். இரண்டு, நோயாளி ஒப்புக்குச் செய்வது: வேகமூச்சு விடுகிறார், ஆனால் மேலோட்டமாக, தலை சுற்றாத அளவுக்கு. மூன்றாவது கண்ணில் படாதது, பையில் இருக்கும் மாத்திரை. அதைச் சாப்பிடவே மாட்டார், ஆனால் அது இருக்கிறது என்ற துணிவில்தான் எல்லாம் செய்வார். பையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னால்தான் உண்மையான பயிற்சி தொடங்கும்.

பயம் பூச்சியத்துக்கு இறங்கும்வரை செய்ய வேண்டும் என்று பழைய முறையில் சொல்வார்கள். கிராஸ்கின் பிற்கால ஆய்வுகளுக்குப் பிறகு நான் அதை வற்புறுத்துவதில்லை. பயம் 7லேயே இருந்தாலும், விழுவேன் என்று எழுதியவர் விழவில்லை என்றால் அந்த வியப்பில் கற்றல் நடந்துவிட்டது.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

மருந்துப் பகுதி என் வேலை. முதல் வரிசை மருந்து, மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை. உதாரணத்துக்கு செர்ட்ராலின். மனச்சோர்வுக்கு 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள், பேனிக்குக்கு அதில் பாதி, 25ல் ஒரு வாரம் வைத்துப் பிறகு 50. காரணம், முதல் 1, 2 வாரம் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். உடல் உணர்வுக்கே பயப்படுபவர் இதை முன்கூட்டி அறியாவிட்டால் மூன்றாம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். நலமான பிறகும் குறைந்தது 6 மாதம், பெரும்பாலும் ஒரு வருடம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு, எரிச்சல் வரும். அதை நோய் திரும்பிவிட்டது என்று தவறாகப் படிப்பார்கள்.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் அரைமணி நேரத்தில் அமைதி தரும். அதுவே சிக்கல். வேகமாக வேலை செய்யும் மருந்துதான் வேகமாகப் பழக்கமாகும். பயிற்சிக்கு முன் சாப்பிட்டால் கற்றலையும் கெடுக்கும். மாதக்கணக்கில் சாப்பிடுபவர் தானாக நிறுத்தவே கூடாது, வலிப்பு வரலாம். 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை அப்போதைய அளவில் 5 முதல் 10% குறைப்பது பாதுகாப்பான தொடக்கம். இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோபிரனலால் மேடைப் பயத்தில் கை நடுக்கத்துக்கு உதவும். பேனிக் கோளாறுக்கு அதன் ஆதாரம் பலவீனம், ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து.

---

வெளிச்சக்கீற்று எழுதியது:

வீட்டில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்யலாம்? "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. இன்னொன்று, ஸ்மார்ட் வாட்ச். துடிப்பைப் பார்த்துப் பார்த்தே பலர் கெட்டுப்போகிறார்கள்.

---

மடைதிறப்பு எழுதியது:

முன்பே மருத்துவர் பேனிக் என்று உறுதிசெய்திருந்தால், பக்கத்தில் உட்காருங்கள், மெதுவான குரலில் பேசுங்கள். "போன தடவை வந்த மாதிரியே இருக்கா, வேற மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். அதே மாதிரி என்றால் "ஏறட்டும், தானா இறங்கும், நான் இங்கேயே இருக்கேன்" போதும். முதுகைத் தடவுவது, தண்ணீர் ஊட்டுவது, வண்டியை எடுப்பது வேண்டாம். வேறு மாதிரி என்றால், அதாவது கை அல்லது தாடைக்குப் பரவும் அழுத்தும் வலி, வியர்த்துக் கொட்டுவது, நினைவு தவறுவது என்றால் யோசிக்காமல் அவசரப் பிரிவு. சிகிச்சை முன்னேறும்போது கூடவே இருப்பதையும் குறைக்க வேண்டும்: முதலில் பக்கத்து அறை, பிறகு தொலைபேசி, பிறகு அதுவும் இல்லை.

வாட்சைக் கழற்றிவைப்பதும் பயிற்சிதான். முடியாதென்றால் முதல் வாரம் துடிப்பு அறிவிப்பை மட்டும் அணைக்கலாம்.

---

இடதுகரை எழுதியது:

ஒன்று விடுபட்டது. இதய நோயும் பேனிக்கும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம். அவருக்கு "இதயத்துக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்ல முடியாது. அவருக்கான ஓட்டப் பயிற்சியை டிரெட்மில் சோதனையில் பாதுகாப்பு என்று தெரிந்த துடிப்பு எல்லைக்குள், இதய மறுவாழ்வுப் பிரிவில் நடத்தலாம். மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வு மரண அபாயத்தைக் கூட்டுகிறது என்று 1993ல் பிரஷூர்-ஸ்மித் குழு காட்டியது. ஆகவே பேனிக் என்று வருபவர்களிடம் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஹெச்கியூ-9 படிவத்தையும் நிரப்ப வாங்குங்கள். மொத்தம் 27ல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பேச வேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

---

வெளிச்சக்கீற்று எழுதியது:

தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து வரும் அட்டாக்? அங்கே எந்த எண்ணமும் முன்னால் இல்லையே.

---

ஆறாம்திணை எழுதியது:

தூங்கிய முதல் 1 முதல் 3 மணி நேரத்துக்குள், லேசான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கத்துக்கு இறங்கும் கட்டத்தில் வருவது அது. கனவுக் கட்டத்தில் வராது, அதனால் கெட்ட கனவு நினைவிருக்காது. குழந்தைகளுக்கு வரும் இரவுப் பீதியும் வேறு, அதில் காலையில் எதுவுமே நினைவிருக்காது. இதில் எல்லாம் தெளிவாக நினைவிருக்கும். குறட்டை, பகல் தூக்கம், காலைத் தலைவலி இருந்தால் முதலில் தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயா என்று தூக்கப் பரிசோதனையில் பாருங்கள். அது இல்லை என்றால், உடல் தளரும்போது வரும் உணர்வுகளே பயமூட்டுகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு மடைதிறப்பு எழுதிய பயிற்சிகளோடு இன்னும் இரண்டு சேர்ப்போம். பகலில் படுத்து ஆழ்ந்த தளர்வுக்குப் போவதையே பயிற்சியாகச் செய்வது ஒன்று. இரவில் இடைநேரத்தில் அலாரம் வைத்துத் திடீரென்று எழுந்து அந்தத் திடுக்கிடலோடு அப்படியே கிடப்பது இன்னொன்று. விளக்கைப் போடுவது, எழுந்து நடப்பது, பக்கத்தில் இருப்பவரை எழுப்புவது கூடாது. தூக்கம் ஏற்கெனவே மோசமாகக் கெட்டுப்போனவருக்கு அலாரப் பயிற்சியை வாரம் இரண்டு இரவோடு நிறுத்துங்கள்.